விந்துகொல்லி நுரை ரின் பாவிக்கிற முறை என்ன? பால் குடுக்கிற தாய்க்குச் சரிவருமா?

ஒட்டுசுட்டான்_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சின்னவனுக்கு 7 மாதம். தாய்ப்பால் தான், ஆனா கஞ்சியும் தொடங்கியாச்சு, தீட்டும் திரும்ப வந்திட்டுது. இவருக்குத் தூர இடத்தில வேலை, மாதத்தில இரண்டு தரம் தான் வீட்டை வாறவர். அந்த இரண்டு மூண்டு நாளுக்காக ஒவ்வொரு நாளும் கருத்தடைக் குளிசை போட மனம் இல்லை. கனடாவில இருந்து வந்த மச்சாள் விந்துகொல்லி நுரை எண்டு ஒரு ரின்னும் அதோட ஒரு பிளாஸ்டிக் குழாயும் தந்திட்டுப் போனவா. ரின்னில எழுதியிருக்கிறது முழுக்க இங்கிலீசு.

இதை எப்பிடி உள்ள வைக்கிறது, எவ்வளவு வைக்கிறது? வைச்ச உடன சேரலாமா, பொறுக்க வேணுமா? முடிஞ்ச உடன கழுவலாமா? பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏதும் செய்யுமா? இதை மட்டும் நம்பி இருக்கலாமா? எங்கட வீடு தகரக் கூரை, பகலில உள்ளுக்கு நிக்க ஏலாத வெக்கை. ரின்னை எங்க வைக்கிறது எண்டும் சொல்லுங்கோ. கிட்ட உள்ள பாமசியில கேக்க வெக்கமாக் கிடக்கு.

கிளினிக்_அக்கா:

தங்கச்சி, நல்லாக் கேட்டிருக்கிறியள். கடைசிக்கு முதல் கேட்ட கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிறன், ஏனெண்டா மற்றது எல்லாம் அதில தான் தொங்குது. இதை மட்டும் நம்பி இருக்க ஏலாது. விந்துகொல்லியை மட்டும் பாவிக்கிற 100 பொம்பிளையளில ஒரு வருசத்துக்குள்ள ஏறக்குறைய 21 பேருக்குப் பிள்ளை தங்கும். ஒரு பிழையும் விடாமல் ஒவ்வொரு தரமும் சரியாப் பாவிச்சாலும் 16 பேருக்குத் தங்கும். ஒண்டுமே பாவிக்காட்டி 85 பேருக்கு. அப்ப ஒண்டும் இல்லாததை விட எவ்வளவோ மேல், ஆனா கருப்பைக்குள்ள வைக்கிற லூப்புக்கோ கருத்தடை ஊசிக்கோ கிட்டவும் வராது. உங்களுக்குத் தீட்டு வந்திட்டுது, பிள்ளைக்குக் கஞ்சியும் குடுக்கிறியள், 6 மாதமும் தாண்டியிட்டுது. தாய்ப்பால் குடுக்கிறதால வாற பாதுகாப்பு இந்த மூண்டில ஒண்டு மாறினாலே போயிடும். உங்களுக்கு மூண்டுமே மாறியிட்டுது. பால் குடுக்கிறன் தானே எண்டு இருந்திடாதேங்கோ.

கொண்டத்தோட சேத்துப் பாவிச்சால் நுரை நல்ல துணை. இனிச் செய்யிற முறையைச் சொல்லிறன்.

கையைச் சோப் போட்டுக் கழுவுங்கோ. ரின்னை 20 தரம், ஏலுமெண்டா 30 தரம், நல்லாக் குலுக்குங்கோ. இருமல் பாணிப் போத்தல் குலுக்கிற மாதிரி ரண்டு ஆட்டு ஆட்டிப் போட்டு விடுறது காணாது. மருந்தும் காத்தும் ரின்னுக்குள்ள பிரிஞ்சு நிக்கும். குலுக்காட்டி முதல் சில தரம் வாயு கூடிய பெரிய குமிழி வரும், பிறகு தண்ணி மாதிரி வழியும். சரியாக் குலுக்கின நுரை ஆம்பிளையள் சவரம் செய்யிற நுரை மாதிரி இறுக்கமா, சின்னச் சின்னக் குமிழியா இருக்கும். உங்கட ரின்னை முதல் தரம் திறக்கேக்க ஒரு கரண்டியில கொஞ்சம் எடுத்துப் பாருங்கோ. கரண்டியைச் சரிச்சா நுரை ஒட்டிக் கொண்டு நிக்க வேணும். ஓடினா இன்னும் குலுக்க வேணும்.

ரின்னை மேசை மாதிரி ஒரு மட்டமான இடத்தில நிமித்தி வைச்சு, குழாயின்ர வாயை ரின்னின்ர மூக்கில வைச்சு மெதுவா அமத்துங்கோ. சில ரின்னில நேரா அமத்த வேணும், சிலதில குழாயைக் கொஞ்சம் சரிக்க வேணும். நுரை ஏற ஏற உள்ள இருக்கிற தண்டு தானா மேல வரும். குழாயில கோடோ வளையமோ இருக்கும், அது மட்டும் நிரப்ப வேணும். முக்கால் வாசி போதும் எண்டு மிச்சம் பிடிக்காதேங்கோ. நிரப்பின உடன பாவியுங்கோ, முன்னுக்கே நிரப்பி வைக்காதேங்கோ.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கோ. குழாயை முதுகுப் பக்கம் சரிச்சு மெதுவா உள்ள விடுங்கோ, நேரா மேல தள்ளினா முட்டும். ஏறக்குறைய 7 தொடக்கம் 10 சென்ரிமீற்றர் போகும். தடை தெரிஞ்சால் அரை அங்குலம் பின்னுக்கு இழுத்திட்டு, பிறகு தான் தண்டை அமத்த வேணும். குழாயின்ர வாய் சதையில ஒட்டியிருந்தால் நுரை வெளியில வராது, அதுக்குத் தான் அந்த அரை அங்குலம். கருப்பை வாசலை நுரை மூடிக் கொண்டு நிக்க வேணும். அது இதின்ர முக்கிய வேலையில ஒண்டு. வாசலுக்குக் கீழ, பாதி வழியில விட்டிட்டு வந்தால் விந்து நுரைக்குப் பக்கத்தால போயிடும்.

இப்ப எல்லாரும் விடுற பிழை. குழாயை வெளியில எடுக்கேக்க தண்டில இருந்து விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் தண்டு பின்னுக்கு வந்து, உள்ள விட்ட நுரையில ஒரு பங்கைத் திரும்ப உறிஞ்சிப் போடும். அமத்தின படியே எடுங்கோ.

நுரை வைச்ச உடன வேலை செய்யும், பொறுக்கத் தேவை இல்லை. ஆனா ஒரு மணித்தியாலத்துக்குள்ள சேர வேணும். இடையில பிள்ளை அழுது எழும்பிப் போய் வந்தால் திரும்ப ஒரு குழாய் வைக்க வேணும், ஏனெண்டா நிண்டு நடந்தால் நுரை இறங்கும். இரண்டாம் தரம் சேர்ந்தால் இன்னொரு முழுக் குழாய். ஒரு இரவில எத்தினை தரமோ அத்தினை குழாய்.

முடிஞ்ச பிறகு குறைஞ்சது 6 மணித்தியாலம் உள்ளுக்குக் கழுவக் கூடாது. எங்கட ஆக்களுக்கு இது தான் கஷ்டம், ஏனெண்டா எழும்பின உடன கிணத்தடிக்குப் போய் உள்ள எல்லாம் அள்ளிக் கழுவுறது பழக்கம். அது விந்தைக் கழுவாது, மருந்தைத் தான் கழுவும். விந்து சில நிமிசத்திலேயே மேல போயிடும், மிஞ்சினதைக் கொல்ல நிக்கிற நுரையை நீங்கள் தண்ணியோட விட்டிடுவியள். வெளிப்பக்கத்தைத் துணியால துடையுங்கோ, தண்ணி விட்டுக் கழுவுங்கோ, வாளியில அள்ளிக் குளியுங்கோ. விரலை உள்ள விடுறதும், குளத்திலயும் வாய்க்காலிலயும் இறங்கி இருக்கிறதும் அந்த 6 மணித்தியாலத்துக்கு வேண்டாம். நுரை கொஞ்சம் வழியும், ஒரு பஞ்சோ பழந்துணியோ வைச்சுக் கொண்டு படுங்கோ.

பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. இது உங்கட ஹோர்மோனில கை வைக்காது, பால் குறையாது. பால் குடுக்கிற தாய்மாருக்கு உலக சுகாதார நிறுவனம் இதுக்குத் தடை சொல்லேல்லை. பிரசவக் காயம் ஆறி, இரத்தக் கசிவு நிண்டிருந்தால் போதும், உங்களுக்கு 7 மாதம் எண்டதால அந்தப் பிரச்சினை இல்லை.

குழாயைப் பாவிச்ச பிறகு தண்டைக் கழட்டி, சோப்பும் சூடு குறைஞ்ச தண்ணியும் போட்டுக் கழுவி நிழலில காய விடுங்கோ. கொதிக்கிற தண்ணியில போட்டால் பிளாஸ்டிக் வளைஞ்சு தண்டு இறுகிப் போகும். உள்ளுக்குப் பவுடர் போடாதேங்கோ. ஒருத்தி பாவிச்ச குழாயை இன்னொருத்தி பாவிக்கக் கூடாது, தாயும் மகளும் எண்டாலும்.

ரின் வெயில் விசயம் பாமசிக்காரத் தம்பி சொல்லுவார் எண்டு நினைக்கிறன்.

பாமசித்_தம்பி:

அக்கா சொன்ன முறை முழுவதும் சரி. ரின் பற்றி நான் சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் மருந்து நொனொக்ஸினோல்-9. நுரை வகைகளில் 12.5 வீதம் சேர்ந்திருக்கும். இது சோப் குடும்பத்தைச் சேர்ந்த பொருள், கொழுப்பைக் கரைக்கும். விந்தணுவின் வெளித்தோல் கொழுப்பால் ஆனது, அது கிழிந்தால் வால் அசையாது. இதை வாசித்துவிட்டு "அப்படியென்றால் சோப்பைத் தண்ணீரில் கலந்து உள்ளே விடலாமே" என்று யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்கிறேன்: வேண்டாம். டெட்டோல், எலுமிச்சம் புளி, சோடா, வேப்பிலைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அவை உள் தோலைப் புண்ணாக்கும், கர்ப்பத்தைத் தடுக்கவும் மாட்டா. அளவும் இடமும் நிற்கும் நேரமும் சேர்ந்தால் தான் மருந்து மருந்தாகும்.

ஒரு குழாயை நிரப்பினால் ஏறக்குறைய 100 மில்லிகிராம் மருந்து உள்ளே போகும். குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெல் வகைகளில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி, 2004 இல் அமெரிக்காவில் வெளியானது. 52.5 மில்லிகிராம் ஜெல் பாவித்தவர்களில் 6 மாதத்தில் 22 வீதத்தினர் கர்ப்பமானார்கள். 100 மில்லிகிராமில் அது 16, 150 மில்லிகிராமில் 14. வெளிநாட்டில் இருந்து வந்த சாமான், கவனமாகச் செலவழிப்போம் என்று அரைக் குழாய் வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

ரின்னின் அடியிலோ கழுத்திலோ திகதி அடித்திருக்கும். இங்கிலீசு மூன்றெழுத்து மாதமும் வருடமும் தான் அது, தயாரித்த திகதியும் முடியும் திகதியும் இரண்டும் இருந்தால் பின்னுக்கு வரும் வருடத்தைப் பாருங்கள். திகதி முடிந்ததைப் பாவிக்க வேண்டாம்.

வெயில். இது வாயு அடைத்த ரின், 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் வெடிக்கலாம். தகரக் கூரை வீட்டில் கூரைக்குக் கிட்ட உள்ள தட்டும் அலுமாரியின் மேற்பக்கமும் தான் அதிகமாகச் சூடாகும் இடங்கள். எனவே அலுமாரியின் அடித்தட்டில், நிலத்துக்குக் கிட்ட, சுவரில் நேர் வெயில் படாத பக்கம் வையுங்கள். மண் குடத்துக்குள் துணியில் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் குடத்தில் தண்ணீர் வேண்டாம், ரின்னின் அடி துருப்பிடிக்கும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் வாகனத்தின் முன் கண்ணாடிக்குக் கீழும் வைத்துவிட்டு கிளிநொச்சிக்குப் போய் வர வேண்டாம். அடுப்படிப் பக்கமும் வேண்டாம்.

வெறுமையான ரின்னைக் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். நம் வளவுகளில் பின்னேரம் சருகோடு எல்லாவற்றையும் கூட்டி எரிப்பது வழக்கம். மிச்ச வாயு இருந்தால் பெரிய சத்தத்தோடு வெடித்து, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் தகரம் பறக்கும். துளைக்கவும் வேண்டாம்.

ரின்னில் எவ்வளவு மிச்சம் என்று வெளியில் இருந்து தெரியாது. ஒவ்வொரு தரமும் பாவித்தவுடன் ரின்னின் பக்கத்தில் பேனையால் ஒரு கோடு போடுங்கள், எத்தனை குழாய் வரும் என்று பெட்டியில் இருந்தால் அதோடு ஒப்பிடலாம். நுரை விட்டு விட்டு வந்தாலோ, தண்டு கோட்டுக்கு ஏறாமல் நின்றாலோ, அந்த ரின் முடிந்தது. அரைகுறையாக நிரம்பிய குழாயை "இன்று மட்டும்" என்று பாவிக்கக் கூடாது. அன்றைக்கு உங்கள் கையில் கொண்டம் இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம். விந்துகொல்லி குளிசையாகவும், மெல்லிய கடதாசி போன்ற படலமாகவும், உருகும் வில்லையாகவும் வரும். அவற்றை வைத்துவிட்டு 10 தொடக்கம் 15 நிமிடம் பொறுக்க வேண்டும், உருகிப் பரவினால் தான் வேலை செய்யும். படலத்தை ஈரக்கையால் தொட்டால் விரலிலேயே ஒட்டிக் கரைந்து விடும். உருகும் வில்லை நம் வெக்கையில் உறைக்குள்ளேயே தண்ணீராகும், நுரைக்கும் குளிசை அந்த அளவுக்கு உருகாது. ரின் நுரைக்கு அப்படிப் பொறுக்கத் தேவை இல்லை. ஒன்றின் விதியை மற்றதற்குப் போடாதீர்கள், வெளிநாட்டில் இருந்து வரும் பொதிகளில் எல்லா வகையும் கலந்து வரும்.

துணுக்காய்_அண்ணன்:

ஒரு சந்தேகம். நுரையோட கொண்டம் பாவிக்கலாம் எண்டு அக்கா சொல்லுறா. நுரை கொண்டத்தைப் பழுதாக்காதா? தேங்காய் எண்ணெய் கொஞ்சம் பூசலாமா?

பாமசித்_தம்பி:

அண்ணன், நுரை தண்ணீரில் கரையும் வகை, ரப்பர் கொண்டத்துக்கு ஒன்றும் செய்யாது. தேங்காய் எண்ணெய் செய்யும். எந்த எண்ணெயும் ரப்பரைச் சில நிமிடத்தில் இளக வைக்கும். கண்ணுக்கு முழுசாகத் தெரியும், இழுபடும் போது கிழியும். நல்லெண்ணெய், வசிலின், பிள்ளைக்குப் பூசும் எண்ணெய் எல்லாம் அதே கணக்கு. உலர்ச்சி இருந்தால் தண்ணீர் வகை ஜெல் கேளுங்கள். நுரையே வழுவழுப்பாக இருக்கும், தேவை பெரும்பாலும் வராது. கொண்டத்தை மட்டும் சரியாகப் பாவிப்பவர்களில் வருடத்தில் 100க்கு 2 பேருக்குப் பிள்ளை தங்கும், வழமையான பாவனையில் 13 பேருக்கு. கொண்டம் கழன்றாலோ கிழிந்தாலோ உள்ளே நுரை நிற்கிறது என்பது தான் இரண்டையும் சேர்ப்பதன் பயன்.

பெண் யோனிக்குள் வைக்கும் பூஞ்சை மருந்து பாவிக்கிற நாட்களில் நுரையையும் கொண்டத்தையும் நம்ப வேண்டாம். அந்த மருந்துகள் பலது எண்ணெய்த் தன்மை உள்ளவை. மருந்து முடியும் வரை பொறுப்பது நல்லது.

ஒட்டுசுட்டான்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. வைச்சுப் பாத்தனான், கரண்டியில நுரை நிண்டது. ஆனா வைச்ச பிறகு கொஞ்சம் எரியுது. அது மருந்து வேலை செய்யிறதால தானா? மற்றது, இவர் வீட்டை வந்தால் மூண்டு நாள் நிப்பார். மூண்டு நாளும் பாவிச்சால் பிழையா?

கிளினிக்_அக்கா:

எரியிறது மருந்து வேலை செய்யிறதின்ர அடையாளம் இல்லை, பிள்ளை. உள் தோல் தாங்காமல் இருக்கிறதின்ர அடையாளம். சோப் கண்ணில பட்டால் எரியிற மாதிரித் தான். ஒரு தரம் லேசா எரிஞ்சு நிண்டால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தரமும் எரிஞ்சால், சொறிஞ்சால், வெள்ளை படுறது கூடினால், அவருக்கும் எரிஞ்சால், விட்டிடுங்கோ. இன்னொரு வகைக்கு மாத்தினாலும் மருந்து ஒண்டு தானே, எரியும்.

சிறுநீர் போகேக்க எரியுது, அடிக்கடி வருது, அடிவயிறு நோகுது எண்டால் அது வேற. இந்த மருந்து நல்ல கிருமியளையும் கொல்லும், அதால சிறுநீர்த் தொற்று வாறது கூட. அது வந்தால் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில சிறுநீர் சோதிக்க வேணும். தண்ணி நிறையக் குடியுங்கோ, ஆனா குளிசை போடாமல் தண்ணியால மாறும் எண்டு இருக்காதேங்கோ. காய்ச்சலும் முதுகு நோவும் சேர்ந்தால் அண்டைக்கே போகவேணும்.

மூண்டு நாள் எண்டது பற்றிக் கீழ ஆராவது விரிவா எழுதுவினம் எண்டு பாக்கிறன். என்ர பக்கத்தில இருந்து: ஒரு நாளைக்கு ஒரு தரம், இரண்டு தரம், மாதத்தில அஞ்சாறு நாள் எண்டால் பெரும்பாலானவைக்குத் தாங்கும். எரிஞ்ச நாளில மாத்திரம் நுரையைப் பாவிக்காதேங்கோ.

தொற்றுத்_தடுப்பு:

மூன்று நாள் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கிறது.

1990களில் விந்துகொல்லியை எச்.ஐ.வி தடுக்கும் மருந்து என்று பலர் நம்பினார்கள். ஆய்வுகூடக் கண்ணாடியில் அது வைரசைக் கொன்றது. பிறகு பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாபிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் சோதித்தார்கள். 2000 ஆம் ஆண்டு டர்பனில் நடந்த எயிட்ஸ் மாநாட்டில் முடிவு வெளிவந்தது. எதிர்பார்த்ததற்கு நேர் எதிரான முடிவு. நாளில் பல தரம் பாவித்தவர்களில் தொற்று குறையவில்லை, கூடியது. காரணம் நீங்கள் மேலே கேட்ட எரிவு தான். மருந்து உள் தோலில் கண்ணுக்குத் தெரியாத புண்களை உண்டாக்கும், அந்தப் புண் வழியே வைரஸ் இலகுவாகப் போகும். அமெரிக்காவில் 2007 இல் இருந்து பெட்டியில் அந்த எச்சரிக்கை எழுத வேண்டும் என்று சட்டம் உள்ளது, உங்கள் மச்சாள் கொண்டு வந்த பொருள் கனடாவுடையது என்றாலும் அதே மருந்து, அதே விசயம்.

இதை உங்களுக்கு எப்படிப் பொருத்துவது? நீங்களும் கணவரும் வேறு உறவில்லாதவர்கள், இருவருக்கும் தொற்று இல்லை என்றால், மாதத்தில் சில தரம் பாவிப்பது உங்களுக்கு எச்.ஐ.வி கொண்டு வராது. நுரை தானாகத் தொற்றை உண்டாக்கும் பொருள் இல்லை. தொற்றுக்கு வாய்ப்பு உள்ள நிலையில் தான் அது கதவைத் திறந்து விடும். தொற்றுக்கு வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் விந்துகொல்லியை நான்காம் வகையில், அதாவது பாவிக்கவே கூடாத வகையில் வைத்துள்ளது. கணவர் நீண்ட காலம் வெளியிடத்தில் வேலை செய்கிறார் என்பதால் ஒருவரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. கொண்டம் சேர்த்துப் பாவிக்க நினைத்தீர்கள் தானே, அதுவே போதும்.

கொனோரியா, கிளமீடியா போன்ற பாலியல் நோய்களையும் நுரை தடுக்காது. கொண்டத்தில் விந்துகொல்லி பூசி வருவதும் உண்டு, சாதாரண கொண்டத்தை விட அது மேலானது என்று ஒருவரும் காட்டவில்லை, எரிவு மட்டும் மிச்சம். சாதாரண கொண்டம் வாங்குங்கள்.

துணுக்காய்_அண்ணன்:

பிழைச்சுப் போச்சு எண்டு தெரிஞ்சால் என்ன செய்யிறது? நுரை வைக்க மறந்திட்டம், இல்லாட்டி விடிய எழும்பின உடன கழுவிப் போட்டா எண்டு வையுங்கோ.

பாமசித்_தம்பி:

6 மணித்தியாலம் ஆகும் முன் கழுவியது, நுரை அரைக் குழாய், நுரை வைத்து ஒரு மணித்தியாலம் தாண்டியது, கொண்டம் கிழிந்து நுரையும் இல்லை: இவை எல்லாம் பாதுகாப்பில்லாத உறவு என்று கணக்கெடுங்கள். உடனே திரும்ப நுரை வைப்பதால் பயன் மிகக் குறைவு, விந்து ஏற்கனவே மேலே போயிருக்கும்.

அவசர கருத்தடைக் குளிசை பாமசியில் மருந்துத் துண்டு இல்லாமல் கிடைக்கும். லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே குளிசை. 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு வேளைக்குப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஐந்தாம் நாள் வரை போடலாம், ஆனால் பலன் குறைந்து கொண்டே போகும். போட்டு 2 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போட வேண்டும். பால் குடுக்கிற தாயும் போடலாம். இதை விட நல்லது 5 நாளுக்குள் கொப்பர் லூப் போடுவது. அதை ஒருவரும் கேட்காமல் போவது தான் வருத்தம், ஏனென்றால் அவசரமும் தீரும், 10 வருடத்துக்குப் பிறகு தான் அடுத்த யோசனை.

அவசரக் குளிசையை ஒவ்வொரு மாதமும் வழமையான முறையாக்க வேண்டாம். ஆபத்தானது என்பதால் அல்ல, பலன் குறைவு என்பதால். தீட்டு ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். தீட்டுக் கணக்குச் சரியில்லாதவர்கள் உறவுக்கு 3 கிழமை கழித்துச் செய்தால் போதுமான அளவு நம்பலாம்.

கிளினிக்_அக்கா:

நம்ம இலங்கையில கருக்கலைப்புக்குத் தாயின்ர உயிரைக் காப்பாத்திற ஒரு காரணத்தைத் தவிரச் சட்டத்தில இடமில்லை. 1883 ஆம் ஆண்டு தண்டனைக் கோவையில இருக்கிற அதே விதி தான் இண்டைக்கும். அதால தான் நான் நுரையை மட்டும் நம்பாதேங்கோ எண்டு திரும்பத் திரும்பச் சொல்லிறன். 100க்கு 21 எண்டது மேசையில இருக்கிற கணக்கு, வன்னியில அந்த 21 பேரில ஒருத்திக்கு அதுக்குப் பிறகு போக வழி குறைவு.

தங்கச்சி, உங்கட நிலைக்கு என்ன இருக்கு எண்டு சொல்லிறன். அரச கிளினிக்கில எல்லாம் காசில்லாமல் தான். மாதத்தில இரண்டு தரம் தான் தேவை எண்டு நீங்கள் சொல்லுறியள், அதுக்காக நாளும் குளிசை போட மனம் இல்லை எண்டும் சொல்லுறியள். அது நியாயம். அதுக்கு மறுபக்கமும் ஒண்டு இருக்கு: அந்த இரண்டு தரமும் பிள்ளை தங்கிற நாளில விழுந்தால் நுரை உங்களைக் கைவிடும், ஆனா லூப் போட்டிருந்தால் எந்த நாள் எண்டும் பாக்கத் தேவை இல்லை, ஞாபகம் வைக்கவும் தேவை இல்லை. கொப்பர் லூப் போட்டவைக்கு வருசத்தில 100க்கு ஒண்டை விடக் குறைவு தான் பிழைக்கும், பாலுக்கும் ஒண்டும் செய்யாது. முதல் சில மாதம் தீட்டு கூடலாம், வயித்துக்குத்து கூடலாம், அது பெரும்பாலும் குறையும். கையில வைக்கிற ஜடெல் குச்சி 5 வருசம், அதுவும் பாலுக்குப் பிரச்சினை இல்லை, ஆனா தீட்டு ஒழுங்கு மாறும். ஊசி 3 மாதத்துக்கு ஒண்டு. நிப்பாட்டினால் திரும்பப் பிள்ளை தங்க மாதங்கள் எடுக்கலாம். அடுத்த பிள்ளை எப்ப வேணும் எண்டதை வைச்சு முடிவெடுங்கோ.

ஒட்டுசுட்டான்_அம்மா:

லூப் போடுறதெண்டால் கிளினிக்குக்கு எப்ப போகோணும்? இவரும் வர வேணுமா? அதுவரை நுரையும் கொண்டமும் பாவிக்கலாமா?

கிளினிக்_அக்கா:

இவர் வர வேணும் எண்டு இல்லை, ஆனா கதைச்சு வைச்சால் நல்லது. உங்கட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில குடும்பத் திட்டமிடல் கிளினிக் எந்த நாள் எண்டு உங்கட பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிட்டக் கேளுங்கோ. வீட்டை வந்து பிள்ளையின்ர நிறை பாக்கிற அதே மிஸ் தான், அவவிட்ட வெக்கம் வேண்டாம், உங்கட பிரசவத்துக்கு முன்னம் எல்லாம் கேட்டவா தானே. வாய் திறக்க ஏலாட்டி ஒரு துண்டில "லூப் போட வேணும்" எண்டு எழுதிக் குடுங்கோ, போதும்.

தீட்டு வந்த முதல் 12 நாளுக்குள்ள போனால் கர்ப்பம் இல்லை எண்டு காட்டத் தேவை இல்லை. மற்ற நாளில போனால் கர்ப்பம் இல்லை எண்டு உறுதியாத் தெரிஞ்சால் தான் போடுவினம். பிள்ளையின்ர ஆரோக்கிய வளர்ச்சிப் புத்தகத்தையும் கடைசித் தீட்டு வந்த திகதியையும் கொண்டு போங்கோ. வெள்ளை படுறது மணத்தோட இருந்தால், அடிவயிறு நோகுதெண்டால் முதலே சொல்லுங்கோ, அதை மாத்திப் போட்டுத் தான் போடுவினம். போட்டு 3 தொடக்கம் 6 கிழமைக்குள்ள ஒருக்கா காட்ட வேணும்.

அதுவரை நுரையும் கொண்டமும் இரண்டும் சேத்துப் பாவியுங்கோ, ஒண்டைப் பாவிச்சு மற்றதை விடாதேங்கோ. எரிவு இன்னும் இருந்தால் நுரையை விட்டிட்டு கொண்டம் மட்டும். வீட்டில கொண்டம் எப்பவும் 10 எண்டாவது இருக்கட்டும், கிளினிக்கில கேட்டால் தருவினம். லூப் போட்ட பிறகு நுரையை உள்ள வைக்கிறதால லூப்பின்ர நூலுக்கு ஒண்டும் நடக்காது, ஆனா அதுக்குப் பிறகு நுரை தேவையும் இல்லை. மிச்ச ரின்னைப் பிள்ளை எட்டாத இடத்தில, அடித்தட்டில பூட்டி வையுங்கோ.

ஒட்டுசுட்டான்_அம்மா:

சரி அக்கா. தீட்டு வந்து இண்டைக்கு 5 நாள். நாளைக்கு மிஸ்ஸிட்டக் கேட்டிட்டு வாறன்.